ஊர் சண்டிலிப்பாய்

"யாழ்ப்பாணம் சண்டிலிப்பாயைப் பிறப்பிடமாகவும், கண்டியை வதிவிடமாகவும் கொண்ட விமலநாதன் அவர்கள் இறைபதம் அடைந்தார்" என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் படம். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்து வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, உப்புக் குறைந்த குழம்பைச் சுவைத்துவிட்ட முகம். அந்த அறிவித்தலில் அவர் செத்தது உண்மை. கண்டியில் இருந்ததும் உண்மை. பிறந்த ஊர் பொய், பெயரும் பொய். போர் முடிந்தது என்று வீதியெல்லாம் வெடி கொளுத்திய வருடம் அது. வாசகத்தைக் கனடாவிலிருந்து மகன் எழுதி அனுப்பியிருந்தான். அவன் எந்த ஊரைச் சொல்லி அகதியாக அங்கே போய்ச் சேர்ந்தான் என்று நான் கேட்கவில்லை.

என் பெயர் ஜவாஹிர். அலவத்துகொடைக்காரன். கண்டியில் அவருடைய சாப்பாட்டுக் கடைக்கு அடுத்த கடையில் ஆயுள் முழுக்கத் துணி விற்றவன். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர் வெங்காயம் தாளித்தால் என் கடைச் சேலைகள் மணக்கும். என் மனைவி றம்லத் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "மௌத்தான பொறகுமா இந்தப் பொய்?" என்று கேட்டாள். எனக்கும் ஆத்திரம்தான். ஒரு மனுசன் செத்த பிறகாவது பிறந்த இடத்தில் பிறக்க விட வேண்டாமா?

அவர் பிறந்தது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில். பெயர் இருளப்பன். தகப்பன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், தாய் காளியம்மா கொழுந்து எடுக்கிறவள், தங்கை பாப்பம்மா. லயத்து வாசலில் நின்றால் கண்டி நகரம் முழுதும் காலடியில் தெரியும். குளம், புத்தரின் பல் இருக்கும் மாளிகை, கடைவீதி, ரயில் புகை எல்லாம் தெரியும். மேலே நின்று பார்க்கிறவன் கீழ்ச்சாதி, கீழே நடக்கிறவன் மேன்மகன். இப்படி ஒரு பூகோளம் கண்டியில்தான் உண்டு.

மீசை அரும்புவதற்கு முன்பே இருளப்பன் மலையிலிருந்து இறங்கி, ஸ்ரீஸ்கந்தராசா என்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்தார். ஐயா அரசாங்கக் காரியாலயமான கச்சேரியில் பெரிய கிளார்க். வீட்டம்மா சரோஜினிதேவிக்குச் சமையலில் பிழை பொறுக்காது, பேச்சிலும் பிழை பொறுக்காது. இடியப்பம் பிழிவதையும் தேங்காய்ப்பாலில் சொதி வைப்பதையும் கற்றுக்கொடுத்த வாயாலேயே, "அதென்ன ஆமாங்க, வாரேங்க? ஓம் எண்டு சொல்லு, வாறன் எண்டு சொல்லு" என்று நாக்கையும் பிழிந்து விட்டார்.

இருளப்பனுக்கு அந்த "ஓம்" பிடித்துப் போனது. ஏன் என்று பல வருடம் கழித்து ஒருநாள் அவரே எனக்குச் சொன்னார். "ஆமாங்க" என்று சொல்லும்போது முதுகு தானாக வளைகிறதாம். தொரைக்கும் ஆமாங்க, கணக்கப்பிள்ளைக்கும் ஆமாங்க, கங்காணிக்கும் ஆமாங்க. "ஓம்" என்று சொல்ல வளையத் தேவையில்லையாம். நான் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். மனுசன் சொன்னது சரிதான்.

வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன சூடு ஆறுவதற்குள் புதிய அரசாங்கம், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத்துத் தமிழரை நாடில்லாதவர்கள் ஆக்கியது. இருளப்பன் அப்போது தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவி முடிப்பதற்குள் பிரஜாவுரிமை போய்விட்டது. வீட்டம்மாவுக்குப் போகவில்லை, அவர் வேறு தமிழர். ஆக ஒரே அடுப்படியில் பாலைப் பிழிந்தவர் நாடற்றவர், பிழியச் சொன்னவர் நாட்டுக்காரி. சொதியில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கும் காலம் வந்தது. சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்து, ஐயாவைச் சிங்களப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். இரண்டு வருடத்தில் பரீட்சை அவரைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டது. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் தமிழனைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்திருந்தார்கள். வாளியைக் காட்டி இதற்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்பார்கள். "பால்திய" என்று முதலெழுத்தை அழுத்திச் சொன்னால் சிங்களவன். நாக்கு வழுக்கினால் தமிழன். ஐயா வீட்டுக் கிணற்றடி வாளியையே தூக்கிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். ஐயா மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, இங்கிலீசில் "பக்கெற்" என்றார். அந்த விடைக்குப் புள்ளி போட வந்தவர்களுக்குத் தெரியவில்லை. குழம்பிப்போய் வேலைக்காரன் பக்கம் திரும்பினார்கள். இருளப்பன் "பால்திய" என்றார், தொட்டிலிலேயே அந்த வாளியில் குளித்தவர் மாதிரி. சன்னல் கண்ணாடிகளை மட்டும் உடைத்துவிட்டுப் போனார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மா இல்லை.

அடுத்த கூட்டம் இவ்வளவு மந்தமாக இருக்காது என்று ஐயாவுக்குத் தெரிந்தது. குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டார். பாத்திரம் பண்டங்களையும் ஆட்டுக்கல்லையும் இருளப்பனிடம் விட்டுப் போனார். அந்த ஆட்டுக்கல்லை வைத்துத்தான் என் வாப்பாவின் கடைக்குப் பக்கத்தில் அவர் சாப்பாட்டுக் கடை போட்டார்.

முதல் வாரமே யாழ்ப்பாணத்துக் கிளார்க்குமார் புட்டு மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தார் கை கழுவ முன் ஒரு கேள்வி கேட்பார்கள்: அண்ணை எந்த ஊர்? அதற்குப் பதில் சொன்னால், ஊரில் எந்தப் பக்கம்? அதற்கும் சொன்னால், அந்தப் பக்கம் ஆற்றை ஆக்கள், எந்தச் சாதிச் சனம்? மூன்றாவது பதில் சரியாக இருந்தால்தான் தண்ணீர் தொண்டையில் இறங்கும். ஹந்தானை என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவ்வளவு பேரும் பசி இல்லை என்று எழும்பிப் போயிருப்பார்கள். இருளப்பன் "சண்டிலிப்பாய்" என்றார். அது ஐயாவின் ஊர். பெயர் கேட்டபோது விமலநாதன் என்றார். அது ஐயாவின் மருமகனுடைய பெயர். மருமகன் லண்டனில் இருந்ததால் அந்தப் பெயர் இங்கே சும்மா கிடந்தது. எந்தப் பக்கம் என்ற கேள்விக்கும், வீட்டம்மா அடுப்படியில் புலம்பிய வேலிச் சண்டைகளையெல்லாம் வைத்து அழகாகப் பதில் சொன்னார். தண்ணீர் இறங்கியது. சண்டிலிப்பாயை அவர் அதுவரை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் கேட்டவர்கள் நிறுத்தினாலும் அவர் நிறுத்தவில்லை. மழை வந்தால் ஊரில் இப்படி மழை இல்லை என்பார். முருங்கைக்காய் வாங்கினால் ஊர் முருங்கைக்காயின் ருசி வராது என்பார். தோட்டத்து ஆட்கள் யாராவது தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்தால் அவர் குரலில் ஒரு மிடுக்கு ஏறும். கிராம சேவகர் அவரை எப்படிச் சண்டிலிப்பாயில் பிறந்தவராகப் பதிந்தார் என்று கேட்காதீர்கள். அந்த மனுசனுக்கு மசால்வடையில் ஒரு பலவீனம். கல்யாணமும் அதே வழியில் நடந்தது. தெல்தெனியாவில் கடை வைத்திருந்த ஒருவர், யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டுத் தன் மகள் இரஞ்சிதத்தைக் கட்டிக்கொடுத்தார். தாங்களும் பூர்வீகத்தில் அந்தப் பக்கம்தான் என்று பெண்வீட்டாரும் சொன்னார்கள்.

இதையெல்லாம் நான் சிரிப்பாகச் சொல்கிறேன். ஒரு விசயத்தை மட்டும் அப்படிச் சொல்ல வராது.

எழுபதுகளின் தொடக்கம். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்து, பாதியை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். ஒரு மத்தியானம் கடை நிறைய ஆட்கள். நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கல்லாவில் இருந்தவரையே பார்த்தாள். நெற்றியும் மூக்கும் இருவருக்கும் ஒரே அச்சு. அவர் எழும்பவில்லை.

"ஆரம்மா நீங்கள்? ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டார்.

அவள் அவசரப்படவில்லை. "ஒரு சேதி சொல்ல வந்தேங்க. மேல் லயத்துல காளியம்மான்னு ஒரு கெழவி எறந்து போச்சுங்க. அதோட மகன் இந்தப் பக்கம் இருக்கறதாச் சொன்னாங்க. பாத்தா சொல்லிருங்க" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவர், பாவம் யாரோ என்று கிளார்க்குமாருக்கு விளக்கம் சொல்லிவிட்டுச் சோற்றைப் பரிமாறினார். பொழுது சாயுமுன் கடையைப் பூட்டிக்கொண்டு, தெல்தெனியாவில் வேலை என்று கிளம்பினார். என் வாயில் அன்று சோறு இறங்கவில்லை. பெற்ற தாயை விடவா ஒரு ஊர் பெரிது என்று பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நெடுநாள் திட்டியிருக்கிறேன்.

பிறகு மகன் பிறந்தான். விவேகானந்தன். பிள்ளைக்குத் தாலாட்டுக்கூட யாழ்ப்பாணத் தமிழில்தான். அவனுக்குத் தன் தகப்பன் சண்டிலிப்பாயார் என்பதில் ஒரு துளி சந்தேகமும் கிடையாது.

எண்பத்து மூன்று கலவரம் வந்தது. அவர் கடைப் பலகையில் "யாழ்ப்பாணம் விமலநாதன் சைவ போசனசாலை" என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தார். சிங்களத்தைப் பெரிதாக எழுதச் சொல்லியிருந்தார்கள், பெரிதாகவே எழுதியிருந்தார். அது வீண் போகவில்லை. வந்தவர்கள் சிரமமில்லாமல் வாசித்தார்கள். கடை எரிந்தது. நெருப்புக்கு வாசிக்கத் தெரியாது, பலகைச் சுவரைத் தாண்டி என் சேலைகளில் பாதியையும் தின்றது. அவர் புகைக்குள் நின்று ஆட்டுக்கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். பாவம், அன்றுதான் அவர் முழு யாழ்ப்பாணத்தார் ஆனார். எரிந்த கடை ஒன்றுதான் அவருக்குக் குறையாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அகதி முகாம் போட்டார்கள். தோட்டத்து ஆட்கள் இந்தப் பக்கம், ஊருக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் என்று ஒரு அதிகாரி பிரித்தார். விமலநாதன் குடும்பம் அந்தப் பக்கம் நின்றது. அங்கே நின்றால் பஸ்ஸில் ஏறத்தானே வேண்டும்? இப்படியாக, ஐம்பது வயது கடந்து, அரசாங்கச் செலவில், காவலோடு அவர் தன் சொந்த ஊரை முதல் முறையாகப் பார்க்கப் போனார்.

ஐயா காலமாகிவிட்டார். கிழவியாகிவிட்ட சரோஜினிதேவி வாசலுக்கு வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இருளப்பனே? எப்பவடா வந்தனீ?" என்றாராம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் கொடுத்தார், பழைய அடுப்படியையும் கொடுத்தார். கிணற்றடியில் ஒரு பெரியவர் வழக்கப்படி எந்த ஊர் என்று கேட்டார். சண்டிலிப்பாயில் நின்றுகொண்டு சண்டிலிப்பாய் என்று சொல்ல முடியுமா? "கண்டி" என்றார். வாழ்நாளில் அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன ஒரே உண்மைக்குக் கிட்டிய பதில் அதுதான். முன்னால் கண்டிக்காரர் என்றார்கள், முதுகுக்குப் பின்னால் தோட்டக்காட்டான் என்றார்கள். மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். "ஊருக்குப் போட்டு வந்தனான், வெயில் தாங்கேலாது" என்று என்னிடம் சொன்னார். ஆனால் பத்து வயதுப் பையன் விவேகானந்தன் அங்கே பனங்காய் சூப்பியிருந்தான், துலாவில் தண்ணீர் இறைத்திருந்தான். சண்டிலிப்பாய் அவனுக்கு உண்மையிலேயே ஊராகிவிட்டது.

எரிந்த கடையைத் திரும்பக் கட்டினார். எண்பதுகளின் கடைசியில் கடையைப் பூட்டு என்று தெற்கில் கிளர்ச்சி செய்த சிங்களப் பொடியன்கள் சீட்டு ஒட்டினார்கள், திற என்று ராணுவம் துவக்கோடு வந்தது. அவர் ஒரு கதவுப் பலகையை மட்டும் கழற்றி வைத்துவிட்டு இரு தரப்பாருக்கும் பாதி பாதி கீழ்ப்படிந்தார். வடக்கில் போர் வளர வளர, யாழ்ப்பாணத்தார் என்பது மதிப்புக் குறைந்து சந்தேகமாக மாறியது. அவர் மட்டும் விடவில்லை. சோதனைச் சாவடியில் தடுத்தாலும் நிமிர்ந்து நின்று "ஓம்" என்பார். வாயைக் கொஞ்சம் மடக்குங்கள் மொதலாளி என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். கேட்டால்தானே.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. ஒன்றும் அறியாத சனங்கள் செத்தார்கள். நகரம் கொதித்தது. தமிழர் கடைகள் மேல் கல் விழுந்தது, பொலிஸ் தெருத் தெருவாக இளைஞர்களை அள்ளியது. விவேகானந்தன் கம்ப்யூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தான். பிறந்தது கண்டி ஆஸ்பத்திரி, வளர்ந்தது கண்டித் தெரு, சிங்களம் பேசினால் நானே திரும்பிப் பார்ப்பேன். பொலிஸ்காரன் சிங்களத்தில் "கம கொஹெத?" என்று கேட்டான். ஊர் எது என்ற கேள்வி. கண்டி என்று சொல்லியிருந்தால் அடுத்தவனிடம் போயிருப்பான். ஆனால் யாழ்ப்பாண முறைப்படி வளர்ந்தவனுக்கு, பிறந்த இடம் வேறு, ஊர் வேறு. "சண்டிலிப்பாய்" என்றான். நுணலும் தன் வாயால் கெடும். இங்கே கெட்டது தகப்பன் வாயால்.

அன்றே நானும் அவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். நான் போனது சிங்களத்துக்கு; அவருடைய சிங்களம் வாளிக்கும் கல்லாவுக்கும் மேல் போகாது. அங்கிருந்த சார்ஜன் வயதான ஆள், கெட்டவர் அல்ல. அவருடைய தகப்பனார் ஒரு தேயிலைத் தோட்டத்து வாசலில் கடை வைத்திருந்தவராம், தோட்டத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். பிடித்தவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளை ஆள் அடையாளம் பார்த்து இங்கேயே விடலாம். யாழ்ப்பாணத்தார் என்றால் மறுநாள் கொழும்புக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அங்கே போனால் தன் கையில் ஒன்றுமில்லை. அப்படிப் போன சில பிள்ளைகள் வருடக் கணக்கில் திரும்பவில்லை என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

விமலநாதன் எழும்பி நின்றார். நாற்பது வருடம் காத்த கோட்டையை ஒரு நொடியில் இடித்தார். தான் ஹந்தானையில் பிறந்தவன், பெயர் இருளப்பன், மகனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று என் மூலமாகச் சொன்னார். சார்ஜன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தமிழிலேயே கேட்டார்.

"பெரியவரே, நீங்க நெசமாவே தோட்டத்து ஆளா?"

"ஓம்" என்றார் விமலநாதன்.

அறையிலிருந்த பொலிஸ்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவர் பதறித் திருத்தினார். "ஓமுங்க."

அப்படி ஒரு சொல் இலங்கைத் தீவில் எந்த ஊரிலும் கிடையாது. சார்ஜன் பேனாவை மூடினார். லயத்துப் பேச்சில் நாலு வார்த்தை பேசுங்கள், கேட்கிறேன் என்றார். அவர் பேசப் பார்த்தார். வாய் திறந்தது, தொண்டை அசைந்தது. வந்ததெல்லாம் சரோஜினிதேவி. மகனைக் காப்பாற்ற நாலு வார்த்தை தேவைப்பட்டபோது, பெற்ற தாய் கொடுத்த பேச்சு அவர் வாயில் இல்லை. எத்தனை பேர் முன்னால் எத்தனை வருடம் அவரைக் கேலி செய்திருக்கிறேன். அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிவந்தபோது எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் இரஞ்சிதம் அழுது முடித்திருந்தாள். விசயத்தைச் சொல்லத் தயங்கினேன். அவளோ, "எனக்குத் தெரியும் ஜவாஹிர் நானா. கல்யாணமான மொத வாரமே தெரியும். தூக்கத்துல மட்டும் லயத்துப் பேச்சுத்தான் பேசுவாரு. இப்ப ஸ்டேசன்லயா பாய் போட்டுப் படுக்க வைக்க முடியும்?" என்றாள். பிறகு ஏன் இத்தனை வருடம் கேட்கவில்லை என்றேன். "எங்கப்பாவும் யாழ்ப்பாணம்னு பொய் சொல்லித்தானே என்னயக் கட்டிக் குடுத்தாரு. நான் எந்த வாயால கேக்குறது?" என்றாள். இரண்டு மலைநாட்டார், நான்கு சுவருக்குள், ஒருவருக்கொருவர் பயந்து, இத்தனை காலம் யாழ்ப்பாணத் தமிழ் பேசியிருக்கிறார்கள். அவள் பக்கத்துக்காவது சாட்சி தேடலாம் என்றால், பழைய தெல்தெனியக் கடைவீதி முழுதும் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடந்தது. சாட்சிக்கு மீன்களைத்தான் கூப்பிட வேண்டும்.

மிஞ்சியது ஒரே ஆள். விடிந்ததும் ஆட்டோ பிடித்து ஹந்தானைக்கு நான் மட்டும் ஏறினேன். அவருக்கு வரத் துணிவில்லை. பாப்பம்மா வேலையிலிருந்து ஓய்ந்திருந்தாள். லயத்துக் காம்பரா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னதும், தனக்கு அண்ணன் யாரும் இல்லை, வேறு யாராவது காளியம்மாவாக இருக்கும் என்றாள். விறகை விட்டு அவள் கை எடுக்கவே இல்லை. அவர் பேசியது பிழைதான், நானும் அன்று அங்கேயே இருந்தேன், பையன் ஒரு பாவமும் அறியாதவன் என்று என்னால் முடிந்ததையெல்லாம் சொன்னேன். பையனுக்கு யார் சாயல் என்று மட்டும் கேட்டாள். நெற்றியும் மூக்கும் உங்களுடையது என்றேன். உள்ளே போய் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினாள்.

பொலிஸ் நிலையத்தில் விமலநாதன் வாங்குப் பலகையின் நுனியில் இருந்தார். மகனைக் கூண்டிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார்கள். சார்ஜன் பாப்பம்மாவிடம், இந்தப் பெரியவர் யார், தெரியுமா என்று கேட்டார். அவள் அண்ணனைப் பார்த்தாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் அவளைக் குறை சொல்ல இந்த உலகத்தில் யாருக்கும் உரிமையில்லை.

"யாருன்னு எனக்கெப்பிடிங்க தெரியும்? ஆத்தா செத்த சேதிய கொண்டுக்கிட்டுப் போனேன். 'ஆரம்மா நீங்கள்'னு கேட்டாருங்க" என்றாள். அந்த இரண்டு சொல்லையும் அவரைப் போலவே இழுத்துச் சொன்னாள். "சாகுற வரைக்கும் ஆத்தா அந்த ரோட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. மொதப் பிடி மண்ணு போட ஆளில்லாம பக்கத்து லயத்து முத்துலிங்கந்தான் போட்டான். ஒரு எட்டு வந்து எட்டிப் பாத்தாரா, கேளுங்க."

விமலநாதன் எழும்பினார்.

"வந்தேன் புள்ள" என்றார். "அன்னைக்கே வந்தேன். ஆத்தாளத் தூக்கிக்கிட்டு வர்றப்ப மேட்டுத் தேயிலைக்குள்ளதான் குந்திக்கிட்டு இருந்தேன். நீ அழுதுக்கிட்டு முன்னாடி போன. கூப்புட வாய் வரல புள்ள. எல்லாரும் போன பொறகு போயி, அந்த மண்ணுல விழுந்து கெடந்தேன். ஆத்தா மேல சத்தியமாச் சொல்றேன்."

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தெல்தெனிய வேலை என்று அவர் கடை பூட்டிப் போன நாள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் பலகைச் சுவருக்குத் திட்டியதெல்லாம் வாயிலேயே திரும்பி வந்து கசந்தது. சார்ஜன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். இவ்வளவு நல்ல தோட்டத் தமிழ் கேட்டு வெகு காலம் ஆகிறது, பையனைக் கூட்டிப் போங்கள் என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. விவேகானந்தனுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். முதல் நாள் வரை சண்டிலிப்பாயான், இன்று ஹந்தானைக்காரன், நடுவில் ஒரு இரவு பொலிஸ் கூண்டு. யார் என்று கேட்டான். நான் சொன்னேன். "மாமி" என்று அவள் கையைப் பிடித்தான். அப்பாவின் தங்கையை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"அத்தைன்னு சொல்லுய்யா" என்றாள்.

"அத்தை" என்றான். அவ்வளவுதான், ஒரு தயக்கமும் இல்லை. அவள் அவனுடைய நெற்றியையும் மூக்கையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள்.

நாங்கள் பஸ் தரிப்புக்கு வந்தோம். தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கியிருந்தது. விமலநாதனுடைய கடையில் சாப்பிடுகிற வங்கி உத்தியோகத்தர் ஒருவர், யாழ்ப்பாணத்தார், எதிரே வந்து தலையசைத்தார். விமலநாதனின் முதுகு தானாக நிமிர்ந்தது. சால்வையைச் சரி செய்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார். சொல்ல வேண்டும் என்று மனம் நிறைய வைத்திருந்தார், அது எனக்குத் தெரியும்.

"வீட்டை வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றார்.

பாப்பம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. பிறகு பொலிஸ் நிலையத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கண்ணன் அந்த ரூமுக்குள்ளயே நின்னுட்டாரு போலருக்கு" என்றாள். "பாத்தா சொல்லிருங்க. நான் வாரேங்க."

ஹந்தானை பஸ் வந்தது. அதில் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.